மறுகா என்னத்துக்குப் புத்தகம்?



பெரும்போக வேளாண்மை குடலைப் பருவம் தாண்டிக் கதிர் முற்றும் நாட்களில், கரடியனாற்று வயல்களில் இரவு என்பது உறக்கத்துக்குரிய வேளையன்று. உறுகாமம் பக்கத்துக் காட்டிலிருந்து யானை இறங்கிவிடுமோ என்ற அச்சத்தால், பரண்மீது இருவர் விழித்திருக்க, கீழே வாடியின் முன்னால் தீ எரிந்துகொண்டிருக்க, கைக்கெட்டும் தூரத்தில் யானை வெடி தயாராக இருக்க, விடியும்வரை கண்ணயராதிருப்பதற்கு அங்குள்ளோர் கைக்கொள்ளும் உபாயம் கதை சொல்வதேயாகும். முன்னாளில் அக்கதைகள் கூத்துக்களரியிலிருந்து வந்தன. இப்பொழுதோ பெரும்பாலும் பார்த்த படங்களிலிருந்து வருகின்றன.

சென்ற பெரும்போகத்தில் முதிய உறவினர் ஒருவருக்குத் துணையாகக் காவலுக்குச் சென்றிருந்தேன். முன்பு என்னிடம் பயின்ற ஓர் இளைஞரும் அங்கே இருந்தார். அவர் தாம் கைபேசியில் பார்த்த ஷெர்லக் ஹோம்ஸ் தொடரை நடுச்சாமம் வரை வெகு சுவாரஸ்யமாக விவரித்தார். நான் அச்சமயம் வாசித்துக்கொண்டிருந்ததும் ஹோம்ஸின் கதைகளே ஆதலால், பையிலிருந்த புத்தகத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன். "ஆர் செய்ததெண்டு படத்திலயே கண்டுட்டம், மறுகா என்னத்துக்கு சேர் புத்தகம்?" என்றார் அவர்.

நியாயமான கேள்வி. அதை அலட்சியம் செய்யும் தகுதியும் எனக்கு இல்லை. ஏனெனில் துப்பறியும் நவீனங்களின் வாசலுக்கு நானும் திரைவழியாகவே வந்து சேர்ந்தேன். மொடர்ன் தியேட்டர்ஸார் 1950இல் எடுத்த 'திகம்பர சாமியார்' படத்தில் எம். என். நம்பியார் வேடத்துக்கு மேல் வேடம் பூண்டு வருவதைப் பார்த்து வியந்த பிறகே, அக்கதைக்கு மூலகர்த்தா வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்றறிந்து அவருடைய நூல்களைத் தேடத் தொடங்கினேன். தேடப்போன இடத்தில் அவருக்கும் முந்தியவர்கள் தென்பட்டார்கள். பண்டித நடேச சாஸ்திரியார், தானவன் என்னும் பொலிஸ் நிபுணன் துலக்கிய குற்றங்களை 1894ஆம் ஆண்டிலேயே தமிழில் எழுதி வெளியிட்டிருக்கிறார். தமிழ்ப்படம் பேசத் தொடங்கி நான்கே ஆண்டுகள் சென்ற 1935இல், வடுவூராரின் 'மேனகா'வும் ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' கதையும் திரைக்கு வந்துவிட்டன. ஆகவே படம் பார்த்துப் புத்தகத்தைத் தேடிப்போவது இன்றைய கைபேசித் தலைமுறை கண்டுபிடித்த வழக்கம் என்று எண்ணுவோர், நம் பாட்டன்மாரை அறியாதவர்கள் என்றே நான் சொல்வேன்.

இனி அந்த இளைஞரின் கேள்விக்கு வருகிறேன். அதற்கு விடையளிக்க மிகுந்த உரிமையுடையவர் வங்காளத்துச் சத்தியஜித் ராய் அவர்கள். ஏனெனில் ஃபெலுதா என்னும் துப்பறிவாளரைப் படைத்தவரும் அவரே, அவரைத் திரைக்குக் கொண்டுவந்தவரும் அவரே. பூர்வஜன்ம நினைவு வந்ததாகச் சொல்லும் ஒரு சிறுவனைச் சுற்றிய 'சோனார் கெல்லா' என்னும் கதையை எழுதியபோது, தீயவர்கள் யார் என்பதை வாசகரிடமிருந்து இறுதிவரை மறைத்து வைத்தார் ராய். அதே கதையை 1974இல் படமாக்கியபோதோ, அந்த இரகசியத்தைத் தொடக்கத்திலேயே நம் கண்ணெதிரே திறந்து வைத்துவிட்டார். கதை அவருடையது, படமும் அவருடையது. எனினும் இரண்டும் ஒரே இன்பத்தைத் தரமாட்டா என்று அந்த மகா கலைஞர் தெளிந்திருந்தார். குற்றவாளியைத் தெரிந்துகொண்ட பின் புத்தகத்தைத் திறப்பவனுக்கு அவசரம் இல்லை. ஆசிரியர் எந்தப் பக்கத்தில், எந்தச் சாதாரணப் பேச்சுக்கு நடுவே, உண்மையை நம் முன்னாலேயே வைத்து நம்மை ஏமாற்றினார் என்பதை அவன் நிதானமாகப் பார்க்கிறான். வித்தையின் இரகசியம் தெரிந்தவன் வித்தைக்காரனின் விரல்களைப் பார்ப்பதைப் போன்றது அது.

ஆனால் அன்றிரவு வாடியில் இவ்வளவும் நான் சொல்லவில்லை. டோர்ச் வெளிச்சத்தில் ஒரு பக்கத்தை மட்டும் விரித்தேன். ஆர்தர் கொனன் டொயில் 1891ஆம் ஆண்டில் எழுதிய, பொஹீமிய அரசரைப் பற்றிய கதையின் ஆரம்பப் பக்கம் அது. திருமணமாகித் தனிக்குடித்தனம் போய்விட்ட டாக்டர் வாட்சன், பழைய நண்பர் ஹோம்ஸைப் பற்றித் தம் செவிக்கு எட்டிய செய்திகளை ஒரே வாக்கியத்தில் அடுக்குகிறார்: ஒடெஸா நகரத்துக் கொலை வழக்கொன்று, ஒல்லாந்து அரச குடும்பத்துக்காக முடித்துக்கொடுத்த காரியமொன்று, அவ்விரண்டுக்கும் இடையே, திருகோணமலையில் அட்கின்சன் சகோதரர்களுக்கு நேர்ந்த விசித்திரமான துயரத்தை ஹோம்ஸ் துலக்கிவைத்த செய்தி.

"எங்கட திருகோணமலையா?" என்று கேட்டார் இளைஞர்.

ஆம், நம்முடைய திருகோணமலையேதான் என்றேன். பரண்மீதிருந்த முதியவரும் கீழே குனிந்து, "அந்த அண்ணன் தம்பிக்கு என்ன நடந்தது?" என்று விசாரித்தார். கொனன் டொயில் அதைச் சொல்லவில்லை. அந்தக் கதையை அவர் எழுதவே இல்லை. 1920இல் அவுஸ்திரேலியாவுக்குப் பிரயாணமான வழியில் கொழும்பில் இறங்கிய அவர், திருகோணமலைச் சகோதரரின் இரகசியத்தைத் தம்மோடேயே கொண்டுபோய்விட்டார். சம்பவமாக நடித்துக் காட்டுவதற்கு ஒன்றுமே இல்லாத இத்தகைய அரை வாக்கியத்தைக் கமரா எவ்விதம் காட்டும்? புத்தகமோ அதை நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரமாக வைத்திருந்து, யானைக் காவல் இருந்த மூவரிடம் அன்று ஒப்படைத்தது. முதியவர் அது காணிச் சண்டைதான் என்று அடித்துச் சொன்னார். இளைஞர், துறைமுகத்தில் நின்ற கப்பலொன்றில் ஏதோ களவு போயிருக்க வேண்டுமென்றார். அந்தச் சகோதரர் எந்தத் தெருவில் குடியிருந்திருப்பர், இங்கிலாந்திலிருந்த ஹோம்ஸ் எத்தனை நாள் கப்பலில் வந்து இறங்கியிருப்பார் என்று மூவரும் வழக்காடியபடி இருக்கையில், கிழக்கு வெளுத்துவிட்டது.

தாம் வாசிப்பதைப் பிறரோடு பகிர்தல் என்பது அந்த இரவைப் போன்றதே என்று நான் கருதுகிறேன். நூலை முடித்த பின் மதிப்புரை கூறுவது கற்றோர் கடமையாக இருக்கலாம். பாதி வாசித்த நிலையில், மனம் இன்னும் ஐயத்தில் ஊசலாடும்போது, அருகிலிருப்பவரிடம் அதைப் பேசுவதில் உள்ள நெருக்கம் அதில் இல்லை. துப்பறியும் கதையோ அவ்விதம் பேசுவதற்கென்றே அமைந்தது. அதை வாசிக்கும் எவரும் ஒரு சந்தேகத்தைச் சுமந்துகொண்டுதான் நடமாடுகிறார்.

வானொலியில் பேசும்போது ஒரு படத்தைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. 1954இல் எஸ். பாலச்சந்தர் இயக்கிய 'அந்த நாள்' படத்தில் சுடப்பட்டு மாளும் கதாநாயகன், வானொலிப் பொறியியலாளன். பாடல் ஒன்றேனும் இல்லாத அப்படத்தில், அவனை அறிந்தவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் கதையைச் சொல்ல, நாமும் விசாரிக்கும் அதிகாரியோடு சேர்ந்து தடுமாறுகிறோம். இதுவரை பாராதவர்கள் அவசியம் பாருங்கள்.

நான் வைத்திருந்த ஹோம்ஸ் கதைத்தொகுதி இப்பொழுது அந்த இளைஞரிடம் இருக்கிறது. பன்னிரண்டு கதைகளில் நான்கை முடித்துவிட்டதாகச் சென்ற வாரம் சொல்லியனுப்பினார். நேயர்களே, நீங்களும் தற்போது எந்த நூலை வாசிக்கிறீர்கள் என்பதை இன்று அயல்வீட்டார் ஒருவரிடமேனும் சொல்லுங்கள். குற்றவாளியின் பெயரை மட்டும் அவருக்குச் சொல்லிவிடாதீர்கள்.