மொம்சனின் நான்காம் தொகுதி



 

தியோடோர் மொம்சனின் வாழ்வும் பணியும் என்பது இம்மாநாட்டின் பொருள். 1817இல் ஷ்லெஸ்விக் பிரதேசத்துக் கார்டிங் என்னும் சிற்றூரில் பிறந்து, கீல் சர்வகலாசாலையில் சட்டம் பயின்று, அரசியல் ஈடுபாடு காரணமாக 1851இல் லைப்சிக் பதவியை இழந்து, சூரிச், பிரெஸ்லாவ் நகரங்களில் ஆசிரியராக இருந்து பெர்லினை அடைந்து, 1902இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்று மறுவருஷமே காலமான அம்மகானின் சரிதம் நீங்கள் அறியாததன்று. சரித்திராசிரியர் ட்ரைட்ஷ்கேயின் யூத துவேஷத்தை எதிர்த்து அவர் 1880இல் வெளியிட்ட பிரசுரத்தைப் பற்றியும், அவருடைய சட்ட நூல்களைப் பற்றியும் தகுதி வாய்ந்தவர்கள் பேச இருக்கிறார்கள். ஆகையால், நெடுங்காலமாக என் சிந்தையை விட்டு நீங்காத ஒரு விவகாரத்தையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

மொம்சனின் ரோம சரித்திரத்தின் முதல் மூன்று தொகுதிகள் 1854 முதல் 1856 வரையில் வெளிவந்து சீசரின் வெற்றியோடு நின்றன. 1885இல் மாகாணங்களைப் பற்றிய ஐந்தாம் தொகுதி வந்தது. சக்கரவர்த்திகளின் வரலாறாக அமைய வேண்டிய நான்காம் தொகுதி மட்டும் வரவேயில்லை. 1880 ஜூலையில் சார்லொட்டன்பர்கில் அவர் வீட்டில் மூண்ட தீயே இதற்குக் காரணம் என்று, முந்தைய மாநாடொன்றில் நான் பெரிதும் மதிக்கும் ஓர் அறிஞர் வாதித்தார். அவருடைய உழைப்புக்கு என் வணக்கம் உரியது. அவருடைய முடிவை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. இரவலாக வந்திருந்த, பழைய சரித்திராசிரியர் ஜோர்டானிஸின் ஹைடல்பர்க் ஏட்டுப்பிரதி அத்தீயில் அழிந்தது. ஆயினும் 1882இலேயே மொம்சனின் ஜோர்டானிஸ் பதிப்பு வெளிவந்துவிட்டது. அதன் பின் ஐந்தாம் தொகுதியை எழுதி, ரோமானிய அரசியற் சட்டம் பற்றிய பெருநூலை நிறைவு செய்து, தமது எண்பத்திரண்டாம் வயதில் குற்றவியற் சட்ட நூலையும் வெளியிட்டவருக்கு, எரிந்த ஏடுகளை மறுபடி எழுதும் ஆற்றல் இல்லாமற் போயிற்று என்று எவ்வாறு கொள்வது?

மேலும், 1882 முதல் 1886 வரை அவர் பெர்லினில் சக்கரவர்த்திகளைப் பற்றி ஆற்றிய விரிவுரைகளைச் செபஸ்தியான் ஹென்சலும் அவர் மைந்தர் பால் ஹென்சலும் குறித்துவைத்த ஏடுகள், 1980இல் நியூரம்பர்க் நகரத்துப் பழம்புத்தகக் கடையொன்றில் சரித்திராசிரியர் அலெக்சாண்டர் டெமாண்ட் கையில் கிட்டி, 1992இல் அச்சேறின. காணாமற்போன நான்காம் தொகுதியே கிடைத்துவிட்டது என்று அப்போது எழுந்த ஆரவாரத்தில் எனக்கு உடன்பாடில்லை. கேட்பவர் கைக்குறிப்பு ஆசிரியர் செப்பனிட்டு அச்சுக்கு அனுப்பும் நூலாகாது. அன்றியும், தீ விபத்துக்கு இரண்டாண்டு கழித்துச் சக்கரவர்த்திகளின் வரலாற்றை மாணாக்கர் முன் விரித்துரைத்தவர் அதை அச்சிடாமல் விட்டார் என்றால், அவருக்குக் குறைந்தது விஷயமன்று, விருப்பமே என்பதற்கு அவ்வேடுகளே சாக்ஷி.

விருப்பம் ஏன் குறைந்தது? 1848இன் சுதந்திர வேட்கையில் வளர்ந்தவர் முடியாட்சியைப் பாட மறுத்தார் என்பது பலரின் அபிப்பிராயம். சீசரை அத்தனை ஆர்வத்தோடு சித்திரித்த எழுதுகோலுக்கு இக்காரணம் பொருந்தாது. விடை, நம்மவர் அதிகம் புரட்டாத ஒரு கிரந்தத்தில், 1852இல் வெளியான நேப்பிள்ஸ் ராஜ்யத்து இலத்தீன் சாசனத் தொகுதியில் இருக்கிறது. சான் மரினோவில் வாழ்ந்த சாசன வித்துவான் போர்கேசியிடம் கற்றுக்கொண்ட முறையைப் பின்பற்றி, ஊர் ஊராகச் சென்று கல்லைக் கண்ணாரக் கண்டு படித்து, போலிச் சாசனங்களைப் பிரித்து ஒதுக்கி, எஞ்சியவற்றை அவை கிடைத்த ஊர்களின் வரிசையில் அவர் அடுக்கினார். பிற்காலத்தில் இலத்தீன் சாசனங்களின் மகாகோசம் முழுவதும் பெரும்பாலும் பிரதேச வாரியாகவே வளர்ந்தது. இவ்வாறு முப்பதாண்டுகள் ஊர்ப் பெயரையும், நகரசபைத் தீர்மானத்தையும், எல்லைக் காவற்படையினரின் கல்லறைகளையும் படித்த ஒருவருக்கு, டாசிட்டஸும் சுவெட்டோனியஸும் சொல்லும் அரண்மனைச் செய்திகளைக் கோத்து எழுதுவது சரித்திரமாகவே தோன்றியிராது. ஆட்சியமைப்பு என்ற முறையில் சக்கரவர்த்திப் பதவியைப் பற்றிச் சொல்ல வேண்டியதை அவர் அரசியற் சட்ட நூலிலேயே சொல்லி முடித்துவிட்டார். சாம்ராஜ்யத்தின் மக்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதை ஐந்தாம் தொகுதியில் சொன்னார்.

பதிப்புப் பணி மொம்சனுக்குள் இருந்த சரித்திராசிரியரைக் கொன்றது என்று வருந்துவோர், ஐந்தாம் தொகுதியின் எகிப்து அதிகாரத்தை மறுபடி வாசிக்க வேண்டும். செங்கடல் வழியாக இந்தியாவோடு நடந்த வாணிகம் அங்கே அந்நாட்டுத் துறைமுகங்களோடும் நிர்வாகத்தோடும் இணைந்து உயிர் பெறுகிறது. அரசர் வரிசையில் எழுதியிருந்தால், அது அகஸ்டஸின் ஆட்சியைப் பற்றிய ஒரு வாக்கியமாகச் சுருங்கியிருக்கும். என் வாதத்தை மறுக்க விரும்பும் நண்பர்கள் 1852ஆம் வருஷத்து நூலையும் 1885ஆம் வருஷத்து நூலையும் அருகருகே வைத்து ஒப்பிட்ட பின் மறுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்கென நாளைப் பிற்பகல் அமர்வில் நேரம் ஒதுக்கும்படி காரியதரிசியிடம் சொல்லியிருக்கிறேன்.