பாறை நிழலில் காத்திருக்கும் குட்டி

 

இருட்டோடு எழுந்து, பிள்ளையை ஆயக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போன அம்மாக்களை நமக்குத் தெரியும். இன்று அப்படிப்பட்ட வேறோர் அம்மாவைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அந்த அம்மா ஒரு கடல்நாய்.

தென் அமெரிக்காவுக்கு மேற்கே சுமார் 1,000 கிலோமீட்டர் தூரத்தில், பசிபிக் மாக்கடலில் கலாபகஸ் தீவுகள் இருக்கின்றன. அவை ஈக்வடோர் நாட்டுக்குச் சொந்தம். பூமத்திய ரேகை அவற்றின் ஊடே போகிறது. எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறைக் கரை. உடம்பிலோ அடர்ந்த மென்மயிர்! வெயில் தாங்குமா? ஆகவே, இந்தக் கடல்நாய்கள் பாறை இடுக்குகளிலும் குகை நிழலிலும் ஒதுங்குகின்றன. தாய் சுமார் 30 கிலோ எடைதான். இரவில் கடலில் இறங்கி மீனும், சோத்தோங் என்கிறோமே, அந்தக் கணவாயும் தின்று, திரும்பி வந்து குட்டிக்குப் பால் கொடுக்கும். அதுவரை குட்டி நிழலில் காத்திருக்கும். இரண்டு மூன்று வருஷம்கூடப் பால்குடி மறக்காது.

இதன் தோலுக்காக 19ஆம் நூற்றாண்டில் கப்பல் கப்பலாக வந்து வேட்டையாடினார்கள். இனமே அற்றுப்போகும் நிலை வந்தது. பிறகு சட்டம் பிறந்தது. 1959இல் தேசியப் பூங்காவும் அமைந்தது. வேட்டை ஓய்ந்தது, கூட்டமும் பெருகியது.

ஆனால் 1982-83இல் ஆபத்து வேறு வழியில் வந்தது. அதன் பெயர் எல் நினோ. பசிபிக் கடல் வழக்கத்தை மீறிச் சூடாகும் காலம் அது. நம் பக்கம் மழை குறைந்து வறட்சி வருவதற்கும் அது ஒரு காரணம். அங்கே, ஆழத்திலிருந்து மேலே வரும் குளிர்நீர் குறைந்தது. அதோடு மீனும் குறைந்தது. தாய்கள் தேடித் தேடிக் களைத்தன. 1982இல் பிறந்த குட்டிகள் ஏறக்குறைய எல்லாமே மாண்டன. பாறை இருந்தது, நிழல் இருந்தது, பால் இல்லை!

இன்றும் இது அழியும் ஆபத்தில் உள்ள இனமே. வேட்டைக்காரனைச் சட்டம் தடுத்தது. கடலின் சூட்டை எந்தக் காவலாளி தடுப்பார்? பூமி சூடேறுவதை எல்லா நாட்டாரும் சேர்ந்துதான் குறைக்க வேண்டும். பெரியவர்களாகும்போது அந்த வேலையில் உங்கள் பங்கும் இருக்கட்டும்.

வீடு இருந்தால் போதுமா, அடுப்பு எரிய வேண்டாமா? நம் அடுப்பு எரிந்ததும் ஒருவர் இருட்டில் எழுந்து போனதால்தான். இன்று பரிசை வாங்கியதும் முதலில் அவர் கையில் கொடுங்கள், பிள்ளைகளே.