பிறவிச் செவிடும் நம் குடும்பங்களும்

(நமது சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கடலில் மூழ்கிப் பிழைத்த நம் முன்னோர் செவியின் அருமையை நன்குணர்ந்தவர்கள். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்தில் உள்ளதைப்போல் இருமடங்காகிச் செவிப்பறையைத் தாக்கும். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயினும், சங்குகுளிப்பு இன்றும் நடைபெறுகின்றது. ஆயினும் தந்தை கடலில் இழந்த கேள்வி மகனுக்கு இறங்குவதில்லை. அஃது உடலுக்கு நேர்ந்த காயமேயன்றி வித்துக்கு நேர்ந்ததன்று. இன்று யான் பேசப் புகுந்தது பிறக்கும்போதே கேளாத செவியைப் பற்றி.

அத்தகைய குழந்தை பிறந்துவிட்டால் நாம் செய்வதென்ன? தாயின் வினை என்கிறோம். அவள் கருவுற்றிருந்தபோது உண்டதையும் கண்டதையும் குற்றம் சாற்றுகிறோம். பிற்பாடு மற்றப் பிள்ளைகளின் விவாகம் தடைப்படுமென்று அஞ்சிச் செய்தியையே மறைக்கிறோம். இவ்விரண்டும் தவறென்று காட்டுவதே என் நோக்கம்.

நம் உடலின் அமைப்பு நான்கே எழுத்துக்களாலான ஒரு பெருநூலில் எழுதப்பட்டுள்ளது. அதில் சுமார் 300 கோடி எழுத்துக்கள் உண்டு. ஒரு பிரதி தந்தையிடமிருந்தும் மற்றொரு பிரதி தாயிடமிருந்தும் நமக்கு வருகின்றது. இதில் கானெக்சின் 26 என்னும் புரதத்துக்குரிய பகுதி பழுதுபட்டால் உட்செவி வேலை செய்யாதென்பது 1997-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் பழுது ஓர் எழுத்து மாறியதே. அம்மாற்றத்தால் 226 கண்ணிகள் கோக்கவேண்டிய புரதம் 23-ஆம் கண்ணியோடு அறுந்துபோகின்றது. ஒரு பிரதி மட்டும் பழுதாயின் கேள்விக்குக் குறைவில்லை. தாய் தந்தை இருவரிடமும் அப்பழுது ஒவ்வொன்று ஒளிந்திருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு செவிடாகும் வாய்ப்புண்டு. பழி தாய்க்கு மட்டும் எங்ஙனம் உரியதாகும்?

இத்துணைப் பெரிய நூலில் ஓர் எழுத்தைத் தேடுவது எப்படி? ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பிக்கும் புலவர் பல பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் காண்பதுபோல, குருதியிலிருந்து படித்தெடுத்த துணுக்குகளைக் கணிப்பொறி மூலநூலோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்துகின்றது. ஒருவரிடம் பல லட்சம் வேற்றுமைகள் தென்படும். அவற்றுள் பலரிடமும் இருந்து தீங்கு செய்யாதவற்றை நீக்கி, எஞ்சியவற்றைக் குடும்பத்தாரின் குருதியோடு வைத்துப் பார்த்தால் காரணமான பழுது அகப்படும். இக்கலைக்கு உயிர்த் தகவலியல் என்று பெயர்.

இரண்டு ஏடுகளில் ஒரே பிழையும், அதன் இருபுறமும் ஒரே பாடமும் இருப்பின் இரண்டும் ஒரே மூலத்தினின்று வந்தனவென்று கொள்வோமல்லவா? அம்முறையையே கையாண்டு, பெங்களூர் ஜவஹர்லால் நேரு ஆராய்ச்சி மையத்தாரும் பிறரும் 2003-ஆம் ஆண்டில், மேற்சொன்ன பழுது பண்டைக்காலத்து ஒரே மூதாதையிடமிருந்து பரவியதென்று காட்டினர். இந்தியாவினின்று பன்னூறு ஆண்டுகட்கு முன் சென்ற ரோமானி மக்களிடையேயும், ஐரோப்பாவில், அதே பழுது காணப்படுகின்றது.

குலத்துக்குள்ளேயே கொள்வினை கொடுப்பினை செய்வோர் இதனைக் கருதவேண்டும். 2017-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று, தெற்காசியாவின் 260-க்கு மேற்பட்ட பிரிவினரை நோக்கி, அவர்களுள் 81 பிரிவினர் மிகச் சிலரான மூதாதையரிடமிருந்து பெருகியவர்களென்று கண்டது. அத்தகைய பிரிவுகளில் மறைந்திருக்கும் பழுதுகள் ஒன்றையொன்று சந்திப்பது எளிது. அக்காள் மகளையோ மாமன் மகளையோ மணப்பதில் இன்னும் எளிது. இதில் உயர்குலம் தாழ்குலம் என்பதில்லை. வைசிய குலத்தாரில் சிலருக்குச் சத்திரசிகிச்சையில் தசை தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்து எளிதில் கரையாது, மூச்சுத் திரும்பத் தாமதமாகும். அது வெளிப்படையாகத் தெரிந்தமையால் வைத்தியர் முன்னெச்சரிக்கையாயிருக்கின்றனர். மறைத்திருந்தால் எத்தனை உயிர் போயிருக்கும்!

பிறவிச் செவிடு அனைத்துக்கும் காரணம் இந்த ஒன்றே என்று கொள்ளற்க. நூற்றுக்கு மேற்பட்ட மரபணுக்கள் இதில் சம்பந்தப்பட்டவை. ஆதலின் என் விண்ணப்பம் மூன்று. குழந்தை பிறந்த முதல் மாதத்திலேயே செவிப் பரிசோதனை செய்விப்பீராக. குறை காணின், இரு வீட்டாரின் வம்சாவளியையும் ஒளிவின்றி வைத்தியரிடம் உரைப்பீராக. கணிப்பொறி எத்துணை வல்லதாயினும், நாம் மறைத்த உறவை அதனால் அறிய முடியாது. உறவில் மணம் பேசுமுன், குடும்பத்தில் கேளாதோர் இருப்பின் மரபணு ஆலோசனை பெறுவீராக.

கானெக்சின் பழுதுள்ள குழந்தைக்குச் செவி நரம்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்குமாதலால், காக்ளியர் கருவியை இளம்பிராயத்திலேயே பொருத்தினால் பேச்சு வரும். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இதற்கு உதவியும் உண்டு. நாம் வெட்கி மறைக்கும் ஒவ்வோர் ஆண்டும் அக்குழந்தையின் பேச்சுக்குரிய ஆண்டாகும். அதனைப் பறிக்க நமக்கு உரிமையில்லை.