எதிராளியின் உறுதியையும் படியுங்கள்

(களனியில் நடைபெற்ற கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



நம் மேடைகளில் ஒருவனைத் துரோகி என்று தூற்ற வேண்டுமானால் 'விபீஷணன்' என்கின்றோம். அந்த ஒரு சொல் போதும், கூட்டம் ஆர்ப்பரிக்கும். ஆனால் இங்கே, களனி ரஜமகா விகாரையின் வளவில், அதே விபீஷணனுக்குத் தேவாலயம் இருக்கின்றது. சிங்கள மக்கள் அவனைக் காவல் தெய்வமாக வணங்குகின்றார்கள். நம் கம்பனும் அவனை அறத்தின் பக்கம் நின்றவனாகவே பாடினான். மேடையில் ஏறிய நாம் அதை மறந்தோம். கதை ஒன்றுதான். அதைப் பார்க்க நிற்கும் இடம் வேறு.

இங்கு வந்திருக்கும் கமக்காரப் பெருமக்களுக்கு வேலி வழக்கு எப்படிப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சாண் நிலத்துக்காக இரண்டு குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றப் படி ஏறும். அவ்வழக்கில் தோன்றும் அப்புக்காத்து தன் கட்சிக்காரனின் உறுதியை மட்டும் படித்துவிட்டு எழுந்தால் மத்தியானத்துக்குள் தோற்றுப்போவான். எதிராளியின் உறுதி எப்போது எழுதப்பட்டது, எந்த எல்லையைக் கூறுகின்றது, எதை நம்பி அவன் வேலியை நகர்த்தினான் என்பவற்றையும் அறிந்தவனே வழக்கை நடத்த வல்லவன். எதிராளியை விளங்கிக்கொள்வது அவனுக்குப் பணிந்துபோவது என்று எந்த நீதிமன்றத்திலும் எவரும் சொல்வதில்லை. அரசியலில் மட்டும் ஏன் அப்படிச் சொல்கின்றோம்?

1957ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழில் நிர்வாகம், பிரதேச சபைகள், குடியேற்றத் திட்டங்களில் காணி பெறுவோரைத் தெரியும் அதிகாரம் அச்சபைகளுக்கு — இவையே அதன் சாரம். 1958 ஏப்ரல் 9ஆம் நாள் பிரதம மந்திரியின் ரோஸ்மீட் பிளேஸ் இல்லத்தின் முன்னே பிக்குமார் அமர்ந்தார்கள், ஒப்பந்தம் கைவிடப்பட்டது. 'சிங்களவர் ஒப்பந்தத்தைக் கிழித்தார்கள்' என்று ஒரே வாக்கியத்தில் நாம் சொல்லி முடித்துவிடுகின்றோம். அவர்கள் எல்லோரும் ஒருவர்தாமா? நான் பார்க்கின்ற அளவில், அந்த எதிர்ப்பினுள் மூன்று வகையினர் இருந்தனர்.

முதலாவது வகையினர் அச்சமுடையோர். தங்கள் மொழிக்கு இத்தீவைத் தவிர வேறு தாயகம் இல்லை, கடலுக்கு அப்பால் தமிழருக்கோ பெருநிலம் இருக்கின்றது என்று அஞ்சினர். ஆங்கிலம் கற்ற சிறு கூட்டத்தின் கையில் உத்தியோகம் அனைத்தும் இருந்த காலத்தில், சிங்களக் கிராமத்துப் பிள்ளையும் வாசலுக்கு வெளியேதான் நின்றான். குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்ற சிங்கள உழவனும் நிலமற்ற ஏழையே. அவன் பசி மெய். அவனைக் கொண்டு நம் தாயகத்தின் குடிப்பரம்பலை மாற்றிய அரசின் கொள்கை அநீதி. இரண்டும் ஒருங்கே உண்மை. அந்த அச்சத்தை விளங்கிக்கொள்ளலாம்; அதன் பேரால் நம் உரிமையைப் பறித்ததை ஏற்க முடியாது.

இரண்டாவது வகையினர் ஆசனம் வேண்டியோர். களனித் தொகுதியின் பிரதிநிதியாயிருந்த ஜே. ஆர். ஜயவர்த்தனாவை எண்ணிப் பாருங்கள். 1944இல் அரசாங்க சபையில் சிங்களத்தை அரசகரும மொழியாக்கும் பிரேரணையைக் கொண்டுவந்தவர் அவர். தமிழையும் சேர்க்க வேண்டுமென்று வி. நல்லையா திருத்தம் கொண்டுவந்தபோது அதை ஏற்றவரும் அவரே. 1956இல் இதே களனியில் ஆர். ஜி. சேனாநாயக்காவிடம் தோற்றார். 1957 ஒக்டோபரில் ஒப்பந்தத்தை எதிர்த்துக் கண்டிக்கு நடைபயணம் புறப்பட்டு, இம்புல்கொடையில் தடுக்கப்பட்டார். முப்பது ஆண்டுகள் கழிந்து 1987இல், தமிழும் அரசகரும மொழியாகுமென்ற பதின்மூன்றாம் திருத்தம் அவருடைய ஆட்சியிலேயே சட்டமாயிற்று. அதற்கிடையில் 1983 ஜூலையில் இந்நகரம் எரிந்தது. அப்போதும் ஜனாதிபதி அவரே. 1944இல் நியாயமாகத் தோன்றியது 1957இல் ஏன் துரோகமாயிற்று? தமிழ் மாறிவிட்டதா? இழந்த ஆசனம் குறுக்கே வந்தது!

மூன்றாவது வகையினர் ஆதாயம் தேடியோர். இதே களனி விகாரையின் தலைமைப் பிக்குவாயிருந்த மாபிட்டிகம புத்தரக்கித்த தேரர் 1956 தேர்தலில் பண்டாரநாயக்காவின் வெற்றிக்கு உழைத்தவர். 1959 செப்டெம்பரில் அதே பண்டாரநாயக்கா சுட்டுக் கொல்லப்பட்டபோது, கொலைச் சதியில் குற்றவாளியாகக் காணப்பட்டவரும் அவரே. அவ்வழக்கில் அரச தரப்பு எடுத்துக்காட்டிய நோக்கங்களுள் வியாபார ஏமாற்றங்கள் முன்னின்றன. மொழியின் பேராலும் மதத்தின் பேராலும் எழுந்த குரல்கள் எல்லாம் மக்களின் குரல்கள் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அச்சமுடையவனுக்கு விளக்கம் தேவை. ஆசனம் வேண்டுபவனின் முன்னைய பேச்சையும் பின்னைய பேச்சையும் அவனுடைய வாக்காளர் முன்னிலையிலேயே அருகருகே வைத்துக் காட்ட வேண்டும். ஆதாயம் தேடுபவனின் கணக்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். மூவரையும் ஒரே கயிற்றில் கட்டி ஏசினால், அஞ்சி நிற்கும் ஏழை மற்ற இருவரின் பின்னே ஒளிந்துகொள்வான். 1958இல் நடந்தது அதுதான். வாகனங்களின் இலக்கத் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்தைத் திணித்தார்கள். நாம் வடக்கில் அதன்மேல் தார் பூசினோம். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள்மேல் தார் பூசப்பட்டது. நம் எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆனால், ஒப்பந்தத்தால் சிங்களக் கிராமத்தவன் எதையும் இழக்கமாட்டான் என்பதை அவனுடைய மொழியில் அவனுக்குச் சொல்ல எத்தனை பேர் போனோம்? தார் போன வேகத்தில் நம் விளக்கம் போகவில்லை. மே மாதத்தில் கலவரம் வந்தது.

நம் பக்கம் நின்றவர்களையும் மறவாதீர்கள். 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் வன்மையாக எதிர்த்தவர்களுள் கொல்வின் ஆர். டி சில்வாவும் அவருடைய சமசமாஜக் கட்சியினரும் முன்னணியில் நின்றனர். அதே கட்சி 1966 ஜனவரியில் தமிழ் மொழி விதிகளுக்கு எதிரான ஊர்வலத்தில் நின்றது. நண்பன் என்றும் நண்பனாய் இருப்பான் என்று உறங்கிவிட முடியாது. பகைவனை என்றும் பகைவன் என்று கைவிடவும் முடியாது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழருக்கு இது நேரில் தெரிந்த பாடம். 1983இல் வீட்டை அடையாளம் காட்டியவர்களிலும் அயலவர் இருந்தனர். அடைக்கலம் தந்தவர்களிலும் அயலவர் இருந்தனர்.

இன்று செய்யத்தக்கது என்ன? மாகாண சபைகளின் பதவிக்காலம் 2017க்கும் 2019க்கும் இடையில் முடிந்த பின்னர், ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடத்தப்படாமற் போயிற்று. அந்த இழப்பு வடக்குக்கும் கிழக்குக்கும் மட்டும் உரியதா? களனி வாக்காளனும் தன் மேல் மாகாண சபையை அவ்வாறே இழந்தான். இதை அவனுக்குச் சிங்களத்தில் எடுத்துச் சொல்லக்கூடிய சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் வைத்தியர்களும் நம்மிடையே இருக்கின்றார்கள். கமக்காரரே! தம்புள்ளைச் சந்தையில் உங்கள் வெங்காயத்துக்கு அருகில் சிங்கள உழவனின் வெங்காயமும் கிடக்கின்றது. விலை விழும்போது இருவருக்கும் சேர்ந்தே விழுகின்றது. அந்த இடத்திலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.

நம் கோரிக்கையில் ஓர் எழுத்தையும் குறைக்கும்படி நான் கேட்கவில்லை. தலைவர் இருவர் அறைக்குள் இட்ட கையெழுத்துக்கு வீதியில் காவல் இருக்கவில்லை என்பதே 1957 நமக்குக் கற்பித்த பாடம். இனியொரு ஒப்பந்தம் வருமானால், அதைக் காக்கக்கூடியவர்கள் கண்டி வீதியின் இருமருங்கிலும் வாழும் இந்த மக்களே. கையெழுத்து இடப்படும் நாளுக்கு முன்னரே அவர்களுடைய வாசலுக்கு நாம் சென்றிருக்க வேண்டும். இன்றே புறப்படுவோம்.