பாட்டனுக்குப் பாட்டன் எந்த ஏட்டில்?

மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் முன்னோரைத் தேடுவதில் முதல் சிக்கல் பெயரிலேயே இருக்கிறது. தலைமுறைதோறும் தொடரும் குடும்பப் பெயர் இங்கே பெரும்பாலோருக்குக் கிடையாது. தந்தையின் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கி, அடுத்த தலைமுறையில் அதுவும் போய்விடும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமோ ஒரே ஊரில், ஒரே வகையறாவில் நான்கைந்து கருப்பணன்களை உண்டாக்கி வைத்திருக்கிறது. பெயரைப் பிடித்துக்கொண்டு தேடுவோர் சீக்கிரம் களைத்துப்போவது இதனால்தான்.

ஊரையும் குலதெய்வத்தையும் பிடித்துப் போவதே இந்த மண்ணுக்கு ஏற்ற வழி. பஞ்சம் பிழைக்கப் போய் மூன்று ஊர் மாறிய குடும்பமும் மகா சிவராத்திரிக்கு எந்தக் கோயிலுக்குப் போகிறது என்பதை மறப்பதில்லை. அந்தக் கோயிலில் தலைக்கட்டு வரி கொடுப்போர் பட்டியல் பங்காளிகளின் பட்டியலும் ஆகும். எந்தக் கிளை எப்போது பிரிந்து போனது என்பது அங்கேயுள்ள பெரியவர்களின் வாய்க்கணக்கில் கிடைக்கும். எந்த அலுவலகத்திலும் கிடைக்காது.

அடுத்தது வீட்டுப் பெட்டி. ஜாதகம், தாய்ப் பத்திரம், பழைய கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு ஆகியவை பெரும்பாலும் அதில் இருக்கும். மொய் நோட்டை ஆய்வாளர்கள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. இது பெரிய இழப்பு. யார், எந்த ஊரிலிருந்து, எவ்வளவு செய்தார் என்று வரிசையாக எழுதிய அந்த நோட்டு, ஒரு குடும்பத்தின் உறவு எல்லை ஒரு குறிப்பிட்ட நாளில் எதுவரை விரிந்திருந்தது என்பதைக் காட்டிவிடும்.

ஜாதகத்தைப் படிப்பதில் ஆண்டுக் குழப்பம் உண்டு. தமிழ் ஆண்டுகள் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வருகின்றன. 'தாது வருஷம் பிறந்தவர்' என்றால் 1876ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம். முந்தையதுதான் தென்னிந்தியாவை உலுக்கிய தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய ஆண்டு. 'பஞ்சத்தில் பிறந்த பிள்ளை' என்ற வீட்டுப் பேச்சு ஒன்று இருந்தால் குழப்பம் தீரும். வருவாய்த்துறைக் கணக்குகளில் வருவது பசலி ஆண்டு. அது ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிவது. 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1300 என்பது 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை.

நில ஆவணங்களே இந்தத் தேடலின் முதுகெலும்பு. செட்டில்மெண்ட் பதிவேட்டில் சர்வே எண், நஞ்சையா புஞ்சையா, விஸ்தீரணம், தீர்வை, பட்டாதாரர் பெயர் ஆகியவை இருக்கும். ஊர் ஜமீனுக்கு உட்பட்டதாக இருந்தால் கதை வேறு. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே அத்தகைய ஊர்களில் அரசின் ரயத்துவாரிக் கணக்கு தொடங்குகிறது. அதற்கு முன்னுள்ள காலத்துக்கு ஜமீன் கணக்குகளைத்தான் நாட வேண்டும். இனாம் நிலமாக இருந்தால், 19ஆம் நூற்றாண்டில் இனாம் கமிஷன் தொகுத்த பதிவேடுகள் உதவும். பழைய கர்ணத்தின் கையெழுத்தைப் படிக்கத் தமிழ் எண்களும், மாகாணி, வீசம் போன்ற பின்ன அளவுகளும் தெரிந்திருக்க வேண்டும்.

பதிவேட்டைவிடக் கிரயப் பத்திரம் கூடுதலாகப் பேசும். பதிவாளர் அலுவலகத்தில் பெயர்வழி அட்டவணையும் சொத்துவழி அட்டவணையும் தனித்தனியே உண்டு. வில்லங்கம் போட்டால் பத்திர எண் கிடைத்துவிடும். நகலில் விற்றவரின் தகப்பனார் பெயர், நான்கு எல்லை, சாட்சிகள் எல்லாம் வரும். சில பத்திரங்களில் விற்றதற்கான காரணமும் இருக்கும்: மகள் கல்யாணச் செலவு, முன்கடன், குடும்பச் செலவு. எல்லையில் வரும் பெயர்களில் பாதி பங்காளிகளாகவே இருப்பார்கள், ஏனென்றால் பாகம் பிரிந்த நிலம் அடுத்தடுத்துத்தான் கிடக்கும்.

ஆனால் இவை யாவும் நிலம் வைத்திருந்தவர்களின் வரலாறு. வரி வசூலிக்க எழுதிய கணக்கில் வரி கட்டியவன்தான் இருப்பான். அந்த நிலத்தில் உழுதவனும் நாற்று நட்டவளும் அதில் இல்லை. அவர்களை வேறு ஆட்கள், வேறு காரணங்களுக்காக எழுதி வைத்தார்கள்.

அப்படி எழுதி வைத்தவர்களில் ஒரு சாரார் பாதிரிமார். ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். ஏசு சபையின் மதுரை மிஷன் ஆவணங்கள் கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் உள்ளன. அமெரிக்க மிஷன் 1834இல் மதுரையில் தொடங்கியது; பசுமலை அதன் கல்விக் களமாயிற்று. பங்குக் கோயில்களின் ஞானஸ்நானப் பதிவில் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் வருவார்கள். முதல் தலைமுறையினர் மதம் மாறியபோது பழைய பெயரும் புதிய பெயரும் பக்கத்தில் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தால் அது பெரிய கொடுப்பினை. இல்லாவிட்டால் மாடன் எந்த ஆண்டில் சவரிமுத்து ஆனான் என்பதைத் தனியே தேட வேண்டியதுதான்.

இன்னொரு சாரார் போலீசார். 1911ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ் உசிலம்பட்டி வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர்களின் கைரேகைகள் பதிவு செய்யப்பட்டன. ஊர் மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். இந்தப் பதிவை எதிர்த்தவர்கள் மீதே 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச்சூடு நடந்தது. மாயக்காள் உள்ளிட்டோர் உயிர்நீத்தார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் 1947இல் நீங்கியது. அந்தப் பதிவேட்டில் ஒருவர் பெயர் இருந்தால் அவர் ஒரு சமூகத்தில் பிறந்தார், ஆண்மகனாக வளர்ந்தார் என்பதற்கு மேல் அது எதையும் நிரூபிக்காது. ஆள், ஊர், வயது ஆகியவற்றுக்கு மட்டும் அதைச் சான்றாகக் கொள்வதே முறை.

மூன்றாவது, கப்பல் பட்டியல். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஏறத்தாழ 1,52,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். 1903 முதல் 1916 வரை பிஜிக்கும் இங்கிருந்து கப்பல்கள் சென்றன. ஒவ்வொருவருக்கும் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் எனப் பதிவு உண்டு. இன்று டர்பனிலிருந்தோ சுவாவிலிருந்தோ கொள்ளுப்பேரர்கள் தேடி வருவது இந்தத் தாளை வைத்துக்கொண்டுதான். அவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அன்றைய மதுரை ஜில்லாவில் இன்றைய திண்டுக்கல்லும் தேனியும் அடக்கம், 1910 வரை ராமநாதபுரமும் சிவகங்கையும்கூட. கிராமப் பெயரோ குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி எழுதப்பட்டது. சாதியையோ பெயரையோ மாற்றிச் சொல்லிக் கப்பலேறியவர்களும் உண்டு.

இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணியோடு நடந்து போனவர்களுக்கு இத்தகைய தாள் அரிது. 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி திரும்பி வந்தவர்களுக்குத்தான் எழுத்துச் சான்று வலுவாக இருக்கிறது.

எல்லா வழிகளிலும் தாய்வழிதான் மிகக் கடினம். பழைய பாகப்பிரிவினைப் பத்திரங்களில் மகன்கள் மூத்தவன் முதல் வரிசையாக நிற்பார்கள், மகள்கள் வரமாட்டார்கள். கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தமிழ்நாட்டில் 1989இல்தான் சட்டமாயிற்று. கணவன் இறந்து, மைனர் பிள்ளைகளுக்குக் கார்டியனாகக் கையெழுத்திட நேர்ந்தால் மட்டும் தாயின் பெயர் பத்திரத்தில் ஏறும். மற்றவர்களுக்குத் தாய்மாமன் சீர் எந்த ஊரிலிருந்து வந்தது என்ற மொய் நோட்டு வரிதான் துணை. கடல் கடந்து போனவளின் நிலை வேறு: கப்பல் பட்டியலில் அவளுக்கென்று தனி எண், தனி வரி, தகப்பன் பெயர், ஊர், வயது, முகத்தில் இருந்த தழும்பு வரை பதிந்திருக்கும். ஊரிலேயே இருந்துவிட்ட அவள் தங்கைக்கு அத்தகைய வரி எதுவும் இல்லை.