நுண்துளைக்குள் ஒரு கணக்கு
(மணலி புதுநகர் அறக்கட்டளைச் சொற்பொழிவு)



2013இல் தண்டையார்பேட்டையில் வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீரோடு எரிபொருளும் வந்தது. மண்ணுக்கடியில் போன குழாயின் கசிவு அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து எண்ணூர் முகத்துவாரம்வரை பரவியது. இப்படி நடக்கும்போதெல்லாம், எண்ணெய் தின்னும் பாக்டீரியாவைத் தெளித்தால் போதும் என்று ஒரு பேச்சு எழும். போதுமா என்பதே இன்றைய கேள்வி.

முதலில், கசிந்தது மண்ணுக்குள் எப்படி நகர்கிறது என்று பார்ப்போம். மண்ணுக்குள் தண்ணீர் எவ்வளவு வேகத்தில் போகும் என்பதற்கு 1856இல் பிரான்சின் ஹென்றி டார்சி விதி தந்தார். நீரில் கரைந்த பொருள் அந்த ஓட்டத்தோடு நகரும், வழியில் பரவும், மண்துகளில் ஒட்டிப் பின்தங்கும். இந்தக் கணக்கு நம் பகுதிக்குப் புதிதல்ல. மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே ஏறியது. அதை அண்ணா பல்கலைக்கழகப் பேராசிரியர் எல். இளங்கோ போன்றோர் கணினி மாதிரிகளால் ஆராய்ந்திருக்கிறார்கள்.

கடல்நீரின் உப்பைத் தின்று தீர்க்கும் உயிர் இல்லை. அதனால் அந்தக் கணக்கு ஓரளவு எளிது. எண்ணெயைத் தின்ன ஆளுண்டு. உணவு கூடக் கூட பாக்டீரியா வேகமாகப் பெருகும், ஓர் எல்லைக்குப் பின் வேகம் கூடாது என்பது ழாக் மோனோ 1949இல் விளக்கிய சமன்பாடு. ஆனால் அது கலக்கிய குடுவையில் வளர்ந்த பாக்டீரியாவுக்கு உரியது. மண் அப்படிக் கலந்து கிடப்பதில்லை. ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியா இருந்தாலும், மண்துகள்களின் மேற்பரப்பில் அவை பிடித்திருக்கும் இடம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு பாக்டீரியாவின் அளவு ஏறத்தாழ ஒரு மைக்ரான். களிமண்ணில் அதைவிடச் சிறிய துளைகள் ஏராளம். அவற்றுக்குள் புகுந்த எண்ணெயை அது எட்டவே முடியாது. பந்தி ஓரிடம், பசித்தவர் ஓரிடம். சராசரி போட்டுப் பார்க்கும் மாதிரிக்கு இந்தத் தூரம் தெரியாது. சுத்தமாகும் வேகத்தை அது கூட்டியே சொல்லும்.

அடுத்தது பாக்டீரியாவின் மூச்சு. எண்ணெயிலுள்ள பென்சீனில் ஒரு கிராமை முழுதாகச் சிதைக்கச் சுமார் 3 கிராம் ஆக்சிஜன் வேண்டும். அது பன்னிரண்டு லிட்டர் காற்றில் கிடைத்துவிடும். தண்ணீரிலிருந்து எடுப்பதானால், நம் ஊர் வெப்பத்தில் சுமார் 400 லிட்டர் தேவை. போதாததற்கு, ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது.

2015, 2021, 2023 என்று கொசஸ்தலையாற்று வெள்ளம் பார்த்த ஊர் இது. துளைகளில் நீர் நிறைந்த கார்த்திகையும், காற்று நிறைந்த சித்திரையும் ஒரே மண்ணில் இருவேறு உலகம். ஆக்சிஜன் தீர்ந்த இடத்தில் சில பாக்டீரியா நைட்ரேட், இரும்பு, சல்பேட் ஆகியவற்றைக் கொண்டு காலம் தள்ளும். பென்சீன் போன்றவை சிதைவது அங்கே மிக மெதுவாகவே நடக்கும். நன்றாக வளர்ந்தாலும் சிக்கல்தான்: பெருகிய பாக்டீரியா துளையை அடைக்கும், நீர் வேறு வழி தேடும், போட்ட கணக்கு மாறும்.

இத்தனை வேறுபாட்டையும் ஓர் எண்ணில் அடக்க முடியாது. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மணலிக்குத் தந்த மாசுக் குறியீடு 76.32. எழுபதைத் தாண்டினாலே கடுமையாக மாசுபட்ட பகுதி. எச்சரிக்கைக்கு அந்த ஒற்றை எண் போதும், மருந்துக்குப் போதாது.

நம் மண்ணில் பாக்டீரியாவுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் காற்றுக்கும், நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்துகளுக்கும், எண்ணெயை எட்டும் வழிக்கும்தான். ஆகவே மண்ணைச் சுத்தம் செய்கிறோம் என்று யார் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். நிலத்தடி நீர்மட்டம் பருவந்தோறும் எங்கே நிற்கிறது? மண்துளைக் காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு? களிமண் அடுக்கு எந்த ஆழத்தில்? இவற்றை அளக்காமல் போட்ட திட்டத்தை ஏற்காதீர்கள். அளந்த முடிவுகளை ஊர் அறியத் தமிழில் வெளியிடச் சொல்லுங்கள்.