வேட்பாளரைத் தேர்வது யார்?

வாக்குச் சாவடிக்குச் செல்லும் குடிமகன், "இவர்களுள் ஒருவரையும் நான் கேட்கவில்லையே!" என்று மனம் கசப்பதுண்டு. அமெரிக்காவில் அக்கசப்பு 1968ஆம் ஆண்டில் பொங்கி எழுந்தது.

கட்சியின் வேட்பாளர் யார் என்பதில் வாக்காளரே கருத்துரைப்பது பூர்வாங்கத் தேர்தல். அவ்வாண்டு மார்ச்சில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், வியட்நாம் போரை எதிர்த்த யூஜின் மெக்கார்த்தி நூற்றுக்கு 42 வாக்குகள் பெற்றார். அம்மாத இறுதியிலேயே ஜனாதிபதி ஜான்சன் போட்டியினின்று விலகினார். எனினும், ஆகஸ்டில் சிகாகோவில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாடு, எந்தப் பூர்வாங்கத் தேர்தலிலும் போட்டியிடாத ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரியையே வேட்பாளராக்கியது. வெளியே தெருக்களில் கலவரம் மூண்டது. நவம்பரில் கட்சி தோற்றது. பின்னர் விதிகள் திருத்தப்பட்டன. 1972 முதல் பூர்வாங்கத் தேர்தல்களே பெரிதும் வேட்பாளரை முடிவு செய்கின்றன.

ஆயினும் ஒரே கட்சியினரிடையே கொள்கை வேற்றுமை பெரும்பாலும் சிறிது. ஆகவே, "பொதுத் தேர்தலில் வெல்லக்கூடியவர் யார்?" என்றே பலர் எடை போடுகின்றனர். வாக்களிக்க வருவோர் தொகையும் பொதுத் தேர்தலைவிடக் குறைவு.

நம் நாட்டில் கட்சித் தலைமையே வேட்பாளரை அறிவிக்கிறது. 2013 முதல், எவரும் வேண்டா எனப் பதிவு செய்ய வழியுண்டு. கட்சியின் சார்பில் ஒருவரை நிறுத்த வாக்காளருக்கு வழியில்லை. அவ்வழி பெற்றவர் வெறுப்புற்று வீட்டிலிருந்தால், ஒரு சிலரே பலருக்காகத் தேர்ந்துவிடுவர். கசப்பு மட்டும் அனைவருக்கும் எஞ்சும்.